துருப்பிடித்த ஆணி, உடைந்த சட்டி, பெயர் வெட்டிய தம்ளர்

போன பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார். "டீச்சர், எம் மகன் வீட்டுக்கு வந்தா துருப்பிடிச்ச ஆணி, உடைஞ்ச சட்டி, பழைய தம்ளர்னுதான் பேசுறான். பாடம் எப்ப நடத்துறீங்க?" கோபத்தில் கேட்கவில்லை. கடற்பாசி எடுத்துக் கரையேறி, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு நேரே கூட்டத்துக்கு வந்தவர். பிள்ளை என்ன படிக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவரைவிட உரிமை உள்ளவர் யார்? "அதுதாங்க்கா பாடம்" என்று தொடங்கி, அங்கே சொல்ல முடிந்த அளவு சொன்னேன். சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியை சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு, இரண்டும் ஒரே அறையில். அறிவியல், சமூக அறிவியல், தமிழ் என்று கால அட்டவணையில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பதிவேட்டில் அப்படியேதான் எழுதுகிறேன். ஆனால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையின் தலைக்குள் அப்படிக் கட்டங்கள் கிடையாது. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அது எதனால் ஆனது, யார் செய்தது, எப்போது செய்தது என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்பான். நான் அந்தக் கேள்விகளின் பின்னால் போகிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஆணி.

பள்ளியின் இரும்புக் கேட் பெயின்ட் அடித்து இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கீழ்க்கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. கடற்கரை ஊர்களில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ஏன் என்று கேட்டேன். "கடல் காத்து டீச்சர்" என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, கடல் காற்றில் எது துருப்பிடிக்க வைக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று கண்ணாடிப் பாட்டில் எடுத்தோம். ஒன்றில் குடிநீர், ஒன்றில் கடல் தண்ணீர், ஒன்றில் தேங்காய் எண்ணெய். மூன்றிலும் முலாம் பூசாத கறுப்பு ஆணி. எண்ணெயில் ஆணி முழுக முழுகியிருக்க வேண்டும், நுனி வெளியே தெரியக் கூடாது.

கடல் தண்ணீர் ஆணி முதலில் பழுப்பேறியது. குடிநீர் ஆணி பின்னால் வந்தது. எண்ணெய்க்குள் இருந்த ஆணி போட்ட நாளில் இருந்த மாதிரியே இருந்தது. படகு என்ஜினுக்கு அப்பா எதற்காக ஆயிலும் கிரீஸும் தடவுகிறார் என்று ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்றைக்குத் தானே கண்டுபிடித்தான். நான் சொல்லவில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனும் தண்ணீரும் இரும்பைத் தொட்டால் துரு வரும், உப்பு அதைச் சீக்கிரமாக்கும், எண்ணெய் இரண்டையும் அண்டவிடாது. பாடம் இவ்வளவுதான். கரும்பலகையில் எழுதிப் போட்டால் இரண்டு வரி.

இப்போது எழுத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

பிள்ளைகளிடம் கட்டுரை எழுதச் சொன்னால் என்ன வரும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். "எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர். எங்கள் ஊரில் இயற்கை வளம் கொட்டிக் கிடக்கிறது." கரையில் பிளாஸ்டிக்கும் கிழிந்த வலையும் ஒதுங்கிக் கிடக்கும் ஊரில் இருந்து வரும் பிள்ளையும் இதையேதான் எழுதும், ஏனென்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்த வாக்கியத்தில் பிழை இருக்காது. பிள்ளையும் இருக்காது. நோட்டு நிறைய அழகான கையெழுத்தில் இப்படி எழுதி வாங்குவதை எழுத்துப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஆணி நோட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்தேன். பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் 'பார்த்தது'. வலது பக்கம் 'நினைத்தது'. கண்ணால் பார்த்ததை, தொட்டதை, முகர்ந்ததை இடதில் எழுத வேண்டும். அதிலிருந்து தோன்றியதை வலதில் எழுத வேண்டும். ஒரு பெண் எழுதியதை அப்படியே தருகிறேன்:

பார்த்தது: "கடல் தண்ணி ஆணி பழுப்பாச்சு. பாட்டில் அடியில செவப்பு தூள் இருக்கு. எண்ணை ஆணி கருப்பாவே இருக்கு."

நினைத்தது: "கடல் காத்துல உப்பு இருக்கு. அதனால கேட்டு துருப்பிடிக்குது."

எழுத்துப்பிழை இருக்கிறது. பின்னால் திருத்திக்கொள்ளலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது, காற்றில் உப்பு இருப்பதை அவள் வலது பக்கத்தில் எழுதியிருந்ததுதான். அதை அவள் பார்க்கவில்லை, யோசித்திருக்கிறாள். "காற்றில் உப்பு இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். வகுப்பே யோசித்தது. ஒருவன் மெதுவாகக் கையைத் தூக்கி, "கேட்டை நக்கிப் பாத்தேன் டீச்சர், கரிச்சுச்சு" என்றான். நக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கழுவித் துடைத்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கடல் பார்த்த ஜன்னலில் கட்டிவைத்தோம். சில நாளில் அதில் மங்கலாக வெள்ளை படிந்தது. அது உப்புத்தானா, வெறும் தூசியா என்று அடுத்த சண்டை. அந்தச் சண்டையை நான் நிறுத்தவில்லை.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். கொரோனா காலத்தில் விட்டுப்போனதைப் பிடிக்க 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அப்புறம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் மொட்டு நிலையில் நிற்கும் பிள்ளைக்குத் தான் பின்தங்கியிருப்பது நன்றாகவே தெரியும். நோட்டைத் திறக்கவே கூச்சப்படும். அப்படி ஒரு பையன் 'பார்த்தது' பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினான்: "செவப்பு". அந்தச் சொல் அவனுடையது. அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

சட்டிக்கு அந்தச் செவப்புத்தான் வழி விட்டது.

அழகன்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள் உண்டு. அந்த ஊரில் 1986இல் தொடங்கி 2017 வரை பல முறை தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள், ரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், சங்கு வளையல் துண்டுகள், மணிகள் என்று ஒரு பழைய துறைமுகப் பட்டினமே மண்ணுக்கு அடியில் இருந்து வந்தது. அகநானூற்றில் வரும் மருங்கூர்ப்பட்டினம் இதுதான் என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வாராவாரம் அத்தை வீட்டுக்குப் போகும் ஊர் அது என்பதை நம்ப அவர்களுக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஒரு வகை கறுப்பு சிவப்பு. உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, வெளியே சிவப்பு. படத்தைக் காட்டி, ஏன் இரண்டு நிறம் என்று கேட்டேன். "ரெண்டு பெயின்ட்" என்றார்கள். வீட்டில் உடைந்த மீன்குழம்புச் சட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, உடைந்த விளிம்பைப் பார்க்கச் சொன்னேன். பெயின்டாக இருந்தால் நிறம் மேலே மட்டும் இருக்க வேண்டும். சட்டியின் செம்மை உள்ளே மண் வரைக்கும் போயிருந்தது. அப்படியென்றால் நிறம் மண்ணில் இருந்துதான் வந்திருக்கிறது.

மண்ணில் இரும்பு இருக்கிறது. சூளையில் சுடும்போது காற்று பட்ட இடத்தில் அந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவக்கும். கேட்டில் உதிரும் துருவுக்கும் சட்டியின் சிவப்புக்கும் உறவு இதுதான். பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது. கூடவே உள்ளே இருக்கும் வைக்கோலோ சருகோ புகைந்து கரி படியும். அதனால் உள்ளும் வாயும் கறுப்பு. எரியும் மெழுகுவத்தி மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, சுடர் அணைவதைக் காட்டினேன். "அப்ப பானையைக் கவுத்து வச்சுத்தான் சுட்டிருக்காங்க!" என்று நாலைந்து குரல் ஒரே நேரத்தில். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய குயவர் சூளைக்குள் பானையை எப்படி வைத்தார் என்பதை, அவரைப் பார்க்காமலே, ஒரு துண்டு ஓட்டை வைத்துப் பத்து வயதுப் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். நோட்டின் வலது பக்கத்தில் அன்றைக்கு எழுதாத பிள்ளை இல்லை.

இரண்டாயிரம் வருடம் என்று நான் சொன்னாலும் அது அவர்களுக்கு வெறும் எண்தான். அதற்கு வலை பின்னும் நைலான் கயிறு உதவியது. ஒரு சாண் நூறு வருடம். இன்றைக்கு என்று ஒரு முனையைத் தூணில் கட்டினோம். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது முதல் சாணுக்குள்ளேயே வந்துவிட்டது. பாட்டிகள் எல்லோரும் பிறந்ததும் அதற்குள்தான். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலம் முதல் முடிச்சைக் கொஞ்சம் தாண்டி நின்றது. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை மூன்று சாண் தாண்டி. அழகன்குளத்தில் கிடைத்த, இரண்டாம் வாலண்டினியன், தியோடோசியஸ், அர்காடியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் காசுகள் பதினாறு சாண் தாண்டி. இதே வைகையில் மேலே போனால் வரும் கீழடிக்கு, அங்கே எடுத்த கரித்துண்டை ஆய்ந்து கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று தொல்லியல் துறை 2019இல் சொன்னது. அந்த முடிச்சுப் போட இருபத்தாறு சாண் தேவைப்பட்டது. கயிறு வராந்தா கடந்து சத்துணவுக் கூடத்து வாசல் வரைக்கும் போகட்டும் என்று ஒரு கூட்டம் இழுத்தது. அளந்து பார்த்தால் அவ்வளவு தூரம் இல்லை. பிள்ளைகளின் சாண் சின்னது.

கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருக்கிறது. தமிழி எழுத்துகளைக் கரும்பலகையில் போட்டேன். கூட்டல் குறி மாதிரி போட்டால் க. நேர்க்கோடு ஒன்று இழுத்தால் ர. ஆங்கில T எழுத்தைத் தலைகீழாகப் போட்டால் ந. அவரவர் பெயரை எழுதிப் பார்க்கச் சொன்னேன். இதில் ஒரு நன்மை எதிர்பாராமல் கிடைத்தது. மலர் நிலைப் பிள்ளைக்கும் அரும்பு நிலைப் பிள்ளைக்கும் இந்த எழுத்து ஒன்று போலப் புதிது. எல்லோரும் ஒரே கோட்டில் இருந்து ஓடினார்கள். "செவப்பு" எழுதிய பையன் பெயரை முடித்துவிட்டு அம்மா பெயர், அப்பா பெயர், படகின் பெயர் வரைக்கும் போய்விட்டான்.

பானையில் எதற்குப் பெயர் எழுத வேண்டும்? நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற மாதிரிதான். வீட்டில் இருக்கிற பெயர் வெட்டிய பாத்திரத்தைப் பார்த்து, அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் நோட்டில் எழுதி வரச் சொன்னேன். தம்ளர் விஷயம் இப்படித்தான் வந்தது. புள்ளி புள்ளியாய் வெட்டிய முதலெழுத்து, கல்யாணத் தேதி, "அன்பளிப்பு" என்ற சொல், மாமன் பெயர் என்று ஒரு குவியல் வந்தது. ஒருத்தி தன் பாட்டி பெயரை முதல் முறையாகத் தெரிந்துகொண்டாள்; வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். இடது பக்கம் பாத்திரத்தில் இருந்தது. வலது பக்கம் தாங்கள் நினைத்தது. மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தோம்: வீட்டுப் பெரியவர்கள் சொன்னது.

ஒரு பையன் கொண்டுவந்த தம்ளரில் இருந்த பெயர் அவன் வீட்டில் யாருக்குமே தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை, அப்பாயிக்கும் தெரியவில்லை. ஏதாவது விசேஷ வீட்டில் பாத்திரம் மாறி வந்திருக்கும் என்று அப்பாயி சொல்லியிருக்கிறார். அவன் அழாத குறை. இந்தப் பருவத்திலேயே வகுப்புக்கு மிகவும் பயன்பட்ட பொருள் அதுதான் என்று அவனிடம் சொன்னேன், முழு மனதோடு. ஒரு வீட்டில் கிடைத்த பொருளில் ஒரு பெயர் இருக்கிறதென்றால் அந்தப் பெயர்க்காரர் அந்த வீட்டில் வாழ்ந்தார் என்று ஆகிவிடாது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளையிடம் ரோமானியக் காசைப் பற்றிப் பேசலாம்.

பேசினோம். "ரோம்காரங்க அழகன்குளத்துல இருந்தாங்களா?" என்று கேட்டார்கள். காசு கிடைத்தது, இடது பக்கம். ரோமானியர் இங்கே வந்தார், வலது பக்கம். அரபு நாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்கள் கொண்டுவந்த திர்ஹாமும் ரியாலும் எங்கள் பிள்ளைகளின் வீட்டு உண்டியலில் கிடக்கின்றன. ஒருத்தி வீட்டில் பழைய இலங்கைக் காசு இருக்கிறது. அதற்காக அரபுக்காரரும் சிங்களரும் அந்த வீட்டில் குடியிருந்தார்களா? காசு கைமாறி வரும். கப்பல்கள் செங்கடல் பக்கமிருந்து தென்மேற்குப் பருவக் காற்றைப் பிடித்து வந்தன, வடகிழக்குக் காற்றில் திரும்பின. மேற்குக் கரை முசிறிக்கு நாற்பது நாளில் வந்துவிடலாம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அங்கே இறங்கிய சரக்கும் காசும் எத்தனை கை மாறி இந்தப் பக்கம் வந்தன என்பது வேறு கேள்வி. சோழகக் காற்று, வாடைக் காற்று என்று சொன்னதும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் எனக்கே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த மாதத்தில் எந்தக் கடலில் வலை போடலாம், எப்போது வடகடல் அடங்கியிருக்கும், எப்போது தென்கடல் பொங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் ஊரில் பிரித்துச் சொல்வதை வரைபடத்தில் அவர்களே குறித்தார்கள்.

பாசி எடுக்கும் அம்மாக்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் வேலையும் வகுப்புக்குள் வந்தது. மரிக்கொழுந்துப் பாசியையும், கரையில் ஒதுங்கிய கடற்புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கடற்புல்லுக்கு வேர் உண்டு, பூக்கும். பாசிக்கு வேரும் கிடையாது, பூவும் கிடையாது. பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வது அந்தக் கடற்புல்லைத்தான். அந்தப் புல்லுக்காகவும் ஆவுளியாவுக்காகவும்தான் 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. பாசியின் பெயர்களை உங்கள் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கிறேன். அங்கே தொல்லியல் துறையின் காட்சியகம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அழகன்குளம் பக்கமோ ஆற்றோரமோ பழைய ஓடு எதுவும் கண்ணில் பட்டால் பிள்ளைகள் எடுத்து வர வேண்டாம். எடுத்துவிட்டால் அது எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விடும். இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு வந்து சொன்னால் போதும். உரியவர்களிடம் நான் தெரிவிக்கிறேன்.

போவதற்கு முன் அங்கே கேட்க வேண்டியவற்றைப் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அழகன்குளத்து ஓடு ஒன்றில் கப்பல் படம் கீறியிருக்கிறது. வள்ளம் கட்டும் தச்சர் வீட்டுப் பையன் அதைப் பற்றி எழுதிய கேள்வி: "இதை வரஞ்சவர் கப்பலைப் பாத்து வரஞ்சாரா, இல்ல யாராவது சொல்லக் கேட்டு வரஞ்சாரா?" கேள்வியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டின் மேலேயே எழுதியிருந்தான்.

வேனுக்கான பேச்சு நடக்கிறது. சம்மதக் கடிதம் இந்த வாரம் பிள்ளைகளிடம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். அன்றைக்குக் கடலுக்குப் போகாத அப்பா அம்மா யாராவது கூட வந்தால் எனக்குத் துணையாக இருக்கும்.